தமிழ்ப் பள்ளியில் காப்பீடு இல்லாத பிள்ளைகள்: பொங்கல் விழாவில் மேசை போட்டால் போதுமா?

ஞாயிறுபள்ளி கேட்கிறார்:

வணக்கம். நடு நியூ ஜெர்சியில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தன்னார்வலராக இருக்கிறேன். சில வாரங்களுக்கு முன் இடைவேளையில் ஒரு பையன் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவன் அம்மாவை வரவழைத்து, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்றால், "ஐஸ் வெச்சுப் பார்ப்போங்க, நாளைக்குச் சரியாயிடும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தனியே அழைத்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. கணவருக்கு வேலை போய்விட்டது, காப்பீடும் கூடவே போய்விட்டது. பையன் இங்கேயே பிறந்தவன்.

அதற்குப் பிறகு ஜாடைமாடையாக விசாரித்ததில் இன்னும் சில குடும்பங்கள் இப்படி இருப்பது தெரிகிறது. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலையில் வேலை செய்பவர்கள், பெட்ரோல் பங்கில் நிற்பவர்கள், அகதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் ஈழத்துக் குடும்பம் ஒன்று, வேலை இழந்த ஐடி குடும்பங்கள்.

பள்ளிக் குழுவில் ஒரு யோசனை. பொங்கல் விழாவில் மேசை போட்டு, மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான நியூ ஜெர்சி ஃபேமிலிகேரின் துண்டறிக்கைகளை வைத்து, மடிக்கணினியோடு இரண்டு பேர் உட்கார்ந்து அங்கேயே விண்ணப்பம் போட்டுக்கொடுப்பது. இது வேலை செய்யுமா? யார் யாருக்குத் தகுதி உண்டு? கிரீன் கார்டு போய்விடும் என்று பயப்படுபவர்களிடம் என்ன சொல்வது? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய எச்1பி:

நல்ல எண்ணம்தான். ஆனால் ஜாக்கிரதை. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் பக்கம் போனால் 'பப்ளிக் சார்ஜ்', அதாவது அரசு உதவியை நம்பி வாழ்பவர், என்று கிரீன் கார்டை நிறுத்திவிடுவார்கள் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பல முறை வந்திருக்கிறது. யாருக்காவது பிரச்சினை வந்தால் பழி உங்கள் பள்ளி மேல் விழும்.

ஆவாரம்பூ:

மேசை போடுங்கள். ஆனால் அதன் முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதை இப்போதே தெரிந்துகொண்டு போடுங்கள். நான் ஒரு சமுதாய நல மையத்தில் விண்ணப்ப உதவியாளராகப் பல வருஷம் இருந்தவள். நம்மவர்கள் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பட்டுப்புடவை கட்டி வந்த இடத்தில், அடுத்த தெரு அக்கா பார்த்துக்கொண்டிருக்க, "என் பிள்ளைக்கு இன்சூரன்ஸ் இல்லை" என்று எந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்?

துண்டறிக்கையை எடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைப்பவரைக் கவனியுங்கள். "ஃப்ரெண்டுக்குக் குடுக்கணும்" என்பார். அந்த ஃப்ரெண்ட் பெரும்பாலும் அவரேதான். முகத்தில் எதையும் காட்டாமல், "அதுல எல்லா விவரமும் இல்லைங்க, உங்க நம்பர் குடுங்க, நான் அனுப்பறேன், நீங்க ஃப்ரெண்டுக்கு அனுப்பிடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேசையால் ஆகக்கூடிய வேலை அவ்வளவுதான். விண்ணப்பம் மறுநாள் தொலைபேசியில் ஆரம்பிக்கும்.

அதைவிட நல்ல வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது: பள்ளிச் சேர்க்கைப் படிவம். ஒவ்வாமை உண்டா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்றெல்லாம் கேட்கிறீர்கள் அல்லவா, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "பிள்ளைக்கு மருத்துவக் காப்பீடு பற்றி யாராவது எங்களோடு பேச வேண்டுமா?" ஒரு கட்டம், ஒரு டிக். எல்லோருக்கும் அதே படிவம் என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. 'காப்பீடு இருக்கிறதா இல்லையா' என்று நேராகக் கேட்டால் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும்.

தகுதிக்கு வருகிறேன். நம்மவர்களில் படித்தவர்களே தவறாக நினைப்பது இங்கேதான். 'மெடிகெய்ட் என்றால் பரம ஏழைகளுக்கு' என்று மனதில் பதிந்துவிட்டது. மெடிகெய்ட் 1965இல் வந்தது. அதற்குத் தகுதி பெறாத, ஆனால் தனியார் காப்பீட்டுக்கும் வசதி இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே 1997இல் சிப் திட்டம் வந்தது. நியூ ஜெர்சியில் இரண்டும் சேர்ந்து ஃபேமிலிகேர் என்ற ஒரே பெயரில் நடக்கிறது. வேறு காப்பீடு இல்லாத, 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இங்கே வருமான வரம்பு கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 355 சதவீதம். 2025 கணக்குப்படி நான்கு பேர் குடும்பத்துக்கு வருஷம் ஏறக்குறைய 1,14,000 டாலர், மாதம் 9,500. இந்த எண்ணைத் துண்டறிக்கையின் தலைப்பாகவே போடுங்கள். 'இலவசக் காப்பீடு' என்று போட்டால் யாரும் தன்னைச் சொல்வதாக நினைக்க மாட்டார்கள். 9,500 என்று போட்டால் நின்று படிப்பார்கள். சிப் பிரிவில் முன்பு இருந்த மாதப் பிரீமியத்தையும் 2021இல் மாநிலம் எடுத்துவிட்டது.

வேலை இழந்த குடும்பம் விண்ணப்பிக்கும்போது பார்ப்பது இப்போதைய மாத வருமானம். போன வருஷச் சம்பளச் சான்றான டபிள்யூ-2வில் எத்தனை பெரிய எண் இருந்தாலும் பரவாயில்லை. "நாங்க போன வருஷம் ஒன்றரை லட்சம் சம்பாதிச்சோம், எங்களுக்கெல்லாம் தரமாட்டாங்க" என்று பழைய கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடரும் கோப்ராவுக்குச் சேமிப்பைக் கொட்டிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்தேன். இதற்கென்று தனிச் சேர்க்கைக் காலமும் கிடையாது, வருஷம் முழுக்க எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பையன் வீட்டில் இப்போது வருமானமே குறைவு என்றால் அவன் மெடிகெய்ட் பிரிவிலேயே வருவான். அப்படி வந்தால், தகுதி இருந்திருக்கும் பட்சத்தில், விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதச் செலவையும் ஏற்கச் சொல்லிக் கேட்கலாம். 2027 ஜனவரியிலிருந்து அது இரண்டு மாதமாகச் சுருங்குகிறது. விண்ணப்பத்தில் 'கட்டாத மருத்துவ பில் இருக்கிறதா' என்று ஒரு கேள்வி வரும், அதில் 'இல்லை' என்று அவசரத்தில் தட்டிவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்த பில் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இங்கே பிறக்காத பிள்ளைகள்? 2023 ஜனவரி 1 முதல் நியூ ஜெர்சியில் 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குடியேற்ற நிலை பார்ப்பதில்லை. 'கவர் ஆல் கிட்ஸ்' என்று பெயர். எச்1பி ஊழியரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்த பிள்ளையும் விண்ணப்பிக்கலாம், அந்த ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். தமக்குக் காப்பீடு கேட்காத பெற்றோர் தம்முடைய குடியேற்ற நிலையையோ சமூகப் பாதுகாப்பு எண்ணையோ சொல்லியாக வேண்டியதில்லை. இதை மற்ற மாநில உறவினர்களுக்கு அப்படியே அனுப்பிவிடாதீர்கள், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்சஸில் இதே குடும்பத்தின் கதை வேறு மாதிரி முடியும். காப்பீடு இல்லாத பிள்ளைகளின் விகிதம் நாட்டிலேயே அங்கேதான் அதிகம்.

ஆவாரம்பூ (தொடர்ச்சி):

பழைய எச்1பி அண்ணா சொன்ன பயத்தைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2019இல் கொண்டுவந்த விதி மெடிகெய்டையும் கணக்கில் எடுத்தது உண்மை. அந்த விதி 2021 மார்ச்சில் போய்விட்டது. 2022 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நீண்டகால நிறுவனப் பராமரிப்பைத் தவிர மெடிகெய்டும் சிப்பும் கணக்கில் வராது, பிள்ளை வாங்கும் உதவி பெற்றோரின் விண்ணப்பத்தில் சேராது. இங்கே பிறந்த பிள்ளை குடிமகன், அவனுக்கு அந்தச் சோதனையே இல்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது 2019இன் செய்தியாக இருக்கலாம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2025 நவம்பரில் அந்த 2022 விதியை நீக்க அரசு முன்மொழிந்தது. அதே வருஷம் மெடிகெய்ட் தரவுகளைக் குடியேற்றத் துறையோடு பகிர்ந்த செய்தியும் வந்தது. ஆகவே "ஒன்றும் ஆகாது, நான் கேரண்டி" என்று பள்ளியின் பெயரில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கிரீன் கார்டு வரிசையில் இருப்பவரை, நிலை சிக்கலாக உள்ளவரை, ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். விழாவுக்கு ஒரு வழக்கறிஞரை அழைத்துத் தனி வகுப்பறையில் உட்காரவைக்க முடிந்தால் அது உங்கள் மேசையை விடப் பத்து மடங்கு பயன். 'கிரீன் கார்டு சந்தேகங்கள்' என்று கதவில் ஒட்டினால் அங்கே வரிசை நிற்கும். காப்பீட்டுப் பேச்சு உள்ளே தானாக வரும். அந்த அறைக்குள் போவதில் யாருக்கும் வெட்கம் இல்லை பாருங்கள்.

ஞாயிறுபள்ளி:

அக்கா, கதவில் என்ன ஒட்டுவது என்பது எங்கள் குழுவில் யாருக்கும் தோன்றாத விஷயம். மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. சில அப்பாக்களுக்குக் கூலி கையில் ரொக்கமாக வருகிறது, சம்பளச் சீட்டு கிடையாது. அவர்கள் என்ன காட்டுவது? அடுத்தது, ஆவணங்களை வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பச் சொல்லி நாங்களே பதிவேற்றிவிடலாமா? பெற்றோருக்கு ஆன்லைனில் தட்டுவது கஷ்டமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

ரொக்கக் கூலி பற்றி நான் சொல்கிறேன். வரிக் காலத்தில் வீட்டா என்ற இலவச வரி உதவி மையம் ஒன்றில் தன்னார்வலராகப் படிவம் நிரப்புகிறேன். முதலாளி கையெழுத்திட்ட கடிதம் கேட்பார்கள், அது கிடைத்தால் சிக்கல் இல்லை. முதலாளி தயங்கினால் வற்புறுத்தி வேலைக்கு உலை வைக்காதீர்கள், வேறு எதைக் காட்டலாம் என்று விண்ணப்ப உதவியாளரிடமே கேளுங்கள். ரொக்கமாக வந்தாலும் அது வருமானம்தான், வரிப் படிவத்தில் காட்டியிருந்தால் அதுவே நல்ல சான்று.

நம்மவர்கள் கணக்கில் குழப்பிக்கொள்வது இரண்டு இடம். ஊரில் அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணத்தை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது, அவர்களைக் குடும்ப எண்ணிக்கையிலும் சேர்க்க முடியாது. இங்கே வரி கட்டுபவருக்கு ஊர் வங்கி வைப்புநிதி வட்டியும் வருமானம். மறுபக்கம், ஊரில் வீடோ நிலமோ இருப்பது பிள்ளையின் தகுதியைத் தொடாது, சொத்துச் சோதனையே கிடையாது. அதை யாரும் கேட்காமலேயே "திருச்சி பக்கம் ஒரு ப்ளாட் இருக்கு, அதைச் சொல்லணுமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள்.

இன்னொன்று. நியூ ஜெர்சி வருமான வரிப் படிவத்தில், சார்ந்திருப்பவர் பெயருக்குப் பக்கத்தில், அவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை என்றால் குறிக்க ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஃபேமிலிகேருக்கு ஆள் சேர்க்கத்தான் 2008 சட்டத்துக்குப் பிறகு அதைக் கொண்டுவந்தார்கள். மென்பொருளில் வேகமாகத் தாண்டிப்போய்விடுவார்கள். பொங்கல் ஜனவரியில் வருகிறது, வரி வேலை அதை ஒட்டியே தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆவாரம்பூ:

வாட்ஸ்அப்பில் ஆவணம் வாங்கவே வாங்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு எண், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு தன்னார்வலரின் கைபேசிப் படத்தொகுப்பில், பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். சமுதாய நல மையங்களில் இதற்கென்றே பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இருக்கிறார்கள், காசு கிடையாது. உங்கள் வேலை அங்கே நேரம் வாங்கித் தருவது, கார் இல்லாதவரைக் கூட்டிக்கொண்டு போவது, கூட உட்காருவது. தொலைபேசியில் செய்வதானால் ஃபேமிலிகேர் எண் 1-800-701-0710. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும். 'இந்தியன்' என்று சொன்னால் ஹிந்தி ஆளைப் போட்டுவிடுவார்கள், 'டமில்' என்று அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

நம் விண்ணப்பங்கள் எங்கே மாட்டும் என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பெயரில். அப்பாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர். அம்மா பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். பிள்ளைக்கு இங்கே மருத்துவமனையில் சான்றிதழ் எழுதும்போது அப்பாவின் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்திருப்பார்கள். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். போதாததற்கு, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவருக்கு விசாவில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யு' என்று விழுந்திருக்கும். அலுவலகத்தில் சிலரை 'ஃப்னு' என்றே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். சம்பளச் சீட்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, விண்ணப்பத்தில் இன்னொன்று என்றால் கோப்பு ஒரு மேசையில் நின்றுவிடும். ஆகவே உட்காரும் முன்பே எல்லா ஆவணங்களையும் வரிசையாகப் பரப்பி, யாருக்கு எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இனிஷியலை விரித்து எழுதியதா, சுருக்கி எழுதியதா என்பது உட்பட. பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே போகட்டும், அழகாக இருக்கட்டும் என்று திருத்த வேண்டாம்.

பெயர் இன்னொரு இடத்திலும் காலை வாரும்: தபால்பெட்டி. அடுக்ககங்களில் பெட்டியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள், அதில் வாடகை ஒப்பந்தத்தில் உள்ளவர் பெயர் மட்டும் இருக்கும். தபால்காரர் அதைப் பார்த்துத்தான் போடுகிறார். வேறு கடைசிப் பெயரோடு பிள்ளைக்கு வரும் அரசுக் கடிதம் 'இங்கே இப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பிப் போகும். அலுவலகம் கேட்ட கூடுதல் ஆவணம் என்னவென்றே குடும்பத்துக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் 'பதில் இல்லை, விண்ணப்பம் முடிக்கப்பட்டது'. வீட்டில் இருக்கும் அத்தனை பேர் பெயரையும் எழுதி அந்தச் சீட்டை மாற்றி ஒட்டுங்கள், இரண்டு நிமிஷ வேலை. நான் உதவிய குடும்பங்களிடம் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பெட்டியைப் படம் எடுத்துக் காட்டச் சொல்வேன்.

இது சின்ன விஷயம் இல்லை. கோவிட் காலத்தில் யாரையும் நீக்காமல் வைத்திருந்துவிட்டு, 2023 ஏப்ரலில் தகுதியை மறுபடி பார்க்க ஆரம்பித்தார்கள். நாடு முழுக்க இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் மெடிகெய்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் நடைமுறைக் காரணத்தால் போனவர்கள்: படிவம் வரவில்லை, கடிதம் சேரவில்லை, தாள் குறைகிறது. தகுதி இல்லை என்று பார்த்துத் தீர்மானித்து நீக்கியவர்கள் மீதிப் பேர்தான்.

இரண்டு பிள்ளை அப்பா:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதுகிறேன், பெயர் வேண்டாம். வேலை போன பிறகு நாங்கள் ஃபேமிலிகேரில் பிள்ளைகளைச் சேர்த்தோம். ஆரம்பத்தில் மனைவிக்குச் சம்மதமே இல்லை, யாருக்கும் தெரியக் கூடாது என்றாள். அட்டை வந்து பார்த்தால் அது வழக்கமான காப்பீட்டு நிறுவன அட்டைதான், பல் மருத்துவரும் கண்ணாடியும் சேர்த்து. வரவேற்பில் இருந்த பெண் இரண்டாம் முறை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் திட்டம் என்று நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் அவர்களே ஒன்றில் போட்டுவிடுவார்கள். உங்கள் குழந்தை மருத்துவர் எதில் இருக்கிறார் என்று அவருடைய அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதையே தேர்ந்தெடுங்கள். இப்போது எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, ஆனால் அந்த வேலையின் காப்பீடு தொடங்க எட்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை பிள்ளைகளுக்கு ஃபேமிலிகேர் நிற்குமா, சம்பளம் வந்ததும் வெட்டிவிடுவார்களா?

ஆவாரம்பூ:

நிற்கும். 2024 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மெடிகெய்டும் சிப்பும் ஒரு முறை கொடுத்தால் 12 மாதம் தொடர வேண்டும், நடுவில் வருமானம் ஏறினாலும். மாநிலம் மாறிப் போனாலோ, 19 வயது ஆனாலோ, நீங்களே வேண்டாம் என்றாலோதான் வேறு கதை. புதுக் காப்பீடு தொடங்கியதும் அதையும் தெரிவித்துவிடுங்கள்.

ஞாயிறுபள்ளி, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. அந்த 12 மாதம் முடியும்போதுதான் நிறையப் பிள்ளைகள் வெளியே விழுகிறார்கள். விண்ணப்பம் போட்டுத் தந்தவர் அதற்குள் பள்ளிக் குழுவில் இருக்க மாட்டார். எனவே ஒருவர் பொறுப்பில் ஒரு பட்டியல் வையுங்கள்: பெற்றோர் பெயர், தொலைபேசி எண், புதுப்பிக்கும் மாதம். வருமானம், விசா எதுவும் அதில் வேண்டாம், பட்டியல் தொலைந்தாலும் யாருக்கும் கேடு வரக் கூடாது. அந்த மாதத்துக்கு முன்பே ஒரு தொலைபேசி, "வீடு மாறினீங்களா? கடிதம் வந்துச்சா?" இவ்வளவுதான் கேள்வி. முதல் விண்ணப்பத்துக்கு முடிவு வர 45 நாள் வரை ஆகலாம், அது தாண்டினால் என்ன நிலை என்று கேட்க அதே பட்டியலில் ஒரு தேதியும் போட்டுக்கொள்ளுங்கள். மறுத்துக் கடிதம் வந்தால் கடைசிப் பக்கத்தில் மேல்முறையீட்டுக் கெடு இருக்கும், அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஞாயிறுபள்ளி:

சரி அக்கா. சேர்க்கைப் படிவத்தில் அந்த வரியைச் சேர்க்க இன்று குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பட்டியலை நான் வைத்துக்கொள்கிறேன், அடுத்த வருஷம் யாரிடம் போகும் என்பதையும் இப்போதே எழுதிவைக்கிறோம். வழக்கறிஞருக்கு அறை எடுத்தாகிவிட்டது. இந்தப் பகுதியில் தமிழ் பேசும் குடியேற்ற வழக்கறிஞர் யாராவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.